மாப்பிள்ளையின் கைராசியும் ஸ்டிக்கர் மெஷினும்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
மார்ச் 12, புதன்கிழமை, காலை 10.15

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அறிவுமதி அவர்களுக்கு,

மாமனார் ஆதிமூலம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை காசியம்மாள், உங்கள் மனைவி உண்ணாமுலை ஆகிய மூவரும் சுகம். நான்காவதாக ஸ்டிக்கர் வெட்டும் மெஷினும் சுகம். ஓசூரில் உங்கள் உடம்பும், கம்பெனி வேலையும், மெஸ் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. போனிலேயே கேட்கலாமே என்பீர்கள். போனை எடுத்தால் உண்ணாமுலை பக்கத்தில் வந்து நிற்கிறாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை அவள்தான் எடுத்துப் பார்க்கிறாள். தவிர, பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு எழுத்தில் ஏறினால்தான் ஒரு விஷயம் நடந்த மாதிரி. ஆகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், கோபம் வருகிற இடம் நடுவில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "மாமா, அந்த மெஷின வித்துடுங்க, எனக்கு இனிமே அது வேணாம்" என்று சொன்னீர்கள். கீழ்பென்னாத்தூரில் நம்பர் பிளேட் கடை வைத்திருக்கும் அப்பாதுரைக்குச் சொல்லியனுப்பினேன். "வாங்கிக்கிறேங்க, ஆனா என் கண்ணு முன்னால ஒரு தடவ வெட்டிக் காட்டணும்" என்றார். நியாயம்தானே. ஆனால் அக்டோபரிலிருந்து ஒரு எழுத்தைக்கூட ஒழுங்காக வெட்டாத மெஷினை எப்படி வெட்டிக் காட்டுவது? மூலைக்கு மூலை வெட்டு சேராமல், வளைவுகளில் பிய்ந்து, வேண்டாத பாகத்தை உரித்தால் எழுத்தும் கூடவே கிளம்பி வந்து, தீபத்துக்கு வந்த ஆர்டர் போய், பொங்கலுக்கு வந்த ஆர்டர் போய், கடைசியில் நீங்களே ஓசூருக்குப் போகும்படி ஆனது அந்த மெஷினால்தான். வருகிறவர் முன்னால் மானம் போகக்கூடாது என்று நானே அதைச் சரிசெய்து பார்க்க முடிவெடுத்தேன்.

திங்கட்கிழமை காலை 6.40க்கு மெஷின் முன் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஸ்கூல் வேனுக்காக நீங்கள் போட்டு வைத்திருந்த 'அவசர வழி' என்ற எழுத்தைத் திறந்து மெஷினுக்கு அனுப்புவது வரை உண்ணாமுலை காட்டிக்கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நீங்கள் விட்டுப்போன நோட்டு மேஜையில் இருந்தது. பிரித்தேன். 'பிரஷர் 90, சரியில்லை. 110, சரியில்லை. 140, அடிப்பேப்பரும் வெட்டுது. பிளேடு புதுசு, சரியில்லை. ரோல் வேற கம்பெனி, சரியில்லை' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் 'நான் சரியில்லை' என்று எழுதி, அடித்திருந்தீர்கள். அதைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன், எனக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

முதல் தடவை ரோலைப் பிடிக்கிற ரப்பர் சக்கரம் இரண்டில் ஒன்று பேப்பருக்கு வெளியே காற்றில் சுற்றியிருக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை, பேப்பர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் 'அவசர வழி' மலையேறுவது போல் சாய்ந்து வெட்டியது. சக்கரத்தைச் சரியாக வைத்தேன். அடுத்து பிளேடு முனை எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று ஒரு வீடியோ பார்த்தேன், அதில் ஒருவர் இந்தியில் நிறைய பேசி, ஏடிஎம் கார்டின் பாதிக் கனம் என்று கையால் காட்டினார். ஏடிஎம் கார்டு உங்கள் அத்தை வசம், அது எதற்கு என்று கேட்டால் நான் விளக்கம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது பழைய பஸ் டிக்கெட். ஒரு டிக்கெட் கனத்துக்கு வைத்தேன், மெஷின் வெட்டவே இல்லை, தடவிக்கொடுத்துவிட்டுப் போனது. எட்டு டிக்கெட் கனத்துக்கு வைத்தேன், ஸ்டிக்கர், அடிப்பேப்பர், அதற்கும் கீழே இருந்த வெள்ளைப் பட்டை எல்லாவற்றையும் கீறிவிட்டது. பட்டை போனதில் மேடு பள்ளமாகி, அடுத்த வெட்டு விட்டு விட்டு விழுந்தது. பட்டையைத் திருப்பி ஒட்டினேன். வேகத்தைக் குறைத்தேன். பிரஷரை ஏற்றினேன், இறக்கினேன். நீங்கள் நான்கு மாதத்தில் செய்த தப்புகளை எல்லாம் நான் மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்து முடித்தேன், உங்கள் அத்தை தட்டு வைத்துவிட்டு மூன்று முறை கூப்பிட்டாள்.

உரிக்கிற வேலை இருக்கிறதே, அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் வெயிலுக்குப் பசை இளகிப்போய், ஓரத்தைத் தூக்கினால் எழுத்தும் எழுந்து வருகிறது, எழுத்தை விரலால் அழுத்தினால் விரலோடு வருகிறது, ஃபேனைப் போட்டால் உரித்த பாகம் சுருண்டு முழங்கையில் ஒட்டுகிறது, அதை எடுக்கப் போனால் கையில் இருந்த முடியும் சேர்ந்து வருகிறது. ஒரே ஒரு 'அவசர வழி' ஓரமெல்லாம் பிசிறாக இருந்தாலும் முழுதாகத் தேறியது. ஆசையாக அதை டேப்பில் எடுத்து, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன். பிறகு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். பிறகு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. எதிர்வீட்டு பாஞ்சாலைதான் கிட்டே வந்து, "பெரியவரே, அவசரம்னா இந்தப் பக்கமாத்தான் போவணுமா?" என்று கேட்டாள். திரும்பித் தடவிப் பார்த்தால் வேட்டியின் பின்பக்கம் சிவப்பில் 'அவசர வழி'. டேப் எங்கேயோ உரிந்து விழுந்துவிட்டது, எழுத்து மட்டும் நேராக, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தது. ஐந்து மாதமாக வேனில் ஒட்டாதது வேட்டியில் ஒட்டிக்கொண்டது, என்னத்தைச் சொல்ல. துவைத்தும் போகவில்லை. அத்தை அதை வாசல் துடைக்கப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை 11.05க்கு அப்பாதுரை வந்தார். வெட்டிக் காட்டினேன், கோணல் மாணலாக வந்தது. அவர் பிளேடு மாட்டுகிற அந்தப் பேனா மாதிரியான ஹோல்டரைக் கழற்றி, பிளேடு முனையை விரல் நுனியால் மெல்லத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இன்னாங்க இது, பிளேடு தூணு மாதிரி நிக்குது? வளைவு வந்தா அது தானா மூஞ்சத் திருப்பிக்கணும்ங்க. திரும்பலைன்னா எழுத்தப் பிய்க்கத்தான் செய்யும்" என்றார்.

ஹோல்டரை உள்ளங்கையில் தட்டினார். மஞ்சளாகக் கட்டி கட்டியாகத் தூள் கொட்டியது. மோந்து பார்த்தார்.

"பெரியவரே, இது சந்தனம்ங்க! குங்குமம்கூட இருக்குது. யாருங்க இதுக்குள்ள அபிஷேகம் பண்ணது?"

நான்தான், மாப்பிள்ளை.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆயுத பூஜை அன்று நீங்கள் பொரி கடலை வாங்கப் போயிருந்தீர்கள். அத்தை சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். கம்ப்யூட்டர், கத்தரிக்கோல், ஸ்டூல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மெஷினுக்கு எந்த இடத்தில் வைப்பது? டெப்போவில் எப்போதும் இன்ஜினுக்குத்தான் முதல் பொட்டு, உழைக்கிறது எதுவோ அதற்கு. இதில் உழைக்கிறது பிளேடு. அது செருகியிருக்கிற ஹோல்டரின் தலையில் ஒரு சின்னக் குழி வேறு இருந்தது, பொட்டு வைக்கவென்றே விட்ட மாதிரி. பன்னீர் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது, சந்தனம் குழிக்குள் இறங்கிப் போனது, சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரமே வெட்டு கெட்டது. திருஷ்டி என்று முடிவு செய்தேன். அதற்கு என்ன செய்வார்கள்? வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் குளிக்கப் போகிற 6.10க்கும் 6.25க்கும் நடுவில் கடை இருக்கிற முன்அறைக்கு வந்து அதே குழியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கும்பிட்டு, நீங்கள் பார்த்தால் சத்தம் போடுவீர்கள் என்று மேலே தெரிகிறதை மட்டும் துணியால் துடைத்துவிடுவேன். வெட்டு மோசமாக ஆக ஆக நான் சந்தனத்தைக் கூட்டினேன். தீபத்துக்கு முன்னால் வாரத்தில் இரண்டு நாள். நீங்கள் நான்கு பிளேடு மாற்றினீர்கள், நான்கும் என் சந்தனத்துக்குள்தான் போய் உட்கார்ந்தன. நீங்கள் ஓசூருக்குப் போன பிறகு நிறுத்திவிட்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, திருஷ்டி உங்களோடு போய்விட்டது என்று அத்தையிடம் சொன்னேன்.

அப்பாதுரை ஹோல்டரைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பிளேடை மாட்டினார். விரல் பட்டதும் சுற்றியது. பிரஷர் 90, நீங்கள் நோட்டில் முதல் வரியில் எழுதிய அதே கணக்கு. 11.52க்கு 'அவசர வழி' வெளியே வந்தது. ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார், எழுத்து பேப்பரிலேயே நின்றது, மற்றதெல்லாம் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது. 'ழி'யின் சுழிக்குள் இருந்த துணுக்கைக் குண்டூசியால் தொட்டார், அதுவும் வந்துவிட்டது. "தங்கமான மெஷின்ங்க. இத ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார். மோர் குடிக்கிறீர்களா என்று நான் பேச்சை மாற்றினேன். வெள்ளிக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் ஸ்கூல் வேன்காரர் கோபித்துக்கொண்டு போன அன்று, உண்ணாமுலை உங்களைப் பார்த்து, "உங்க கைக்கே ராசி இல்லீங்க, தொட்டதெல்லாம் கோணையா போவுது" என்று சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் 'ம்' என்றேன். அந்த 'ம்' எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, சும்மா வாயில் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை, எட்டாம் நாள் பையோடு கிளம்பிவிட்டீர்கள். மாப்பிள்ளை, உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை. என் கையால் வந்த வினை இது. வயதில் மூத்தவன் என்று பார்க்காமல் நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் தயவுசெய்து திட்டுவதையும் கடிதத்திலேயே திட்டவும்.

என் யோசனை இதுதான். உண்ணாமுலைக்கும் அத்தைக்கும் இந்தச் சந்தன விஷயம் எதுவும் தெரியாது. அப்பாதுரை வந்தபோது இருவரும் அடி அண்ணாமலையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். நான் சொல்லவும் போவதில்லை, சொன்னால் இந்த வீட்டில் என்னால் குடியிருக்க முடியாது. இந்தக் கடிதத்தை இன்றே ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், நீங்கள் லீவு போட்டு வியாழக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடுங்கள். மெஷினைப் பிரித்து, நீங்களே கண்டுபிடித்த மாதிரி, "உள்ள தூசி அடைச்சிருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சந்தனம் என்று சொல்ல வேண்டாம். நான் பக்கத்தில் நின்று, "அடடா, மாப்பிள்ளை கையே கை" என்கிறேன். அவளும் கேட்டு மனம் மாறுவாள், அப்பாதுரையிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். வரப் பிடிக்கவில்லை என்றால் கட்டாயமில்லை, வெள்ளிக்கிழமை மெஷின் போய்விடும். எதுவானாலும் இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஓசூரில் காலையில் பனி ஜாஸ்தி என்கிறார்கள், காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். அண்ணாமலையார் அருளால் நீங்கள் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன், வெறும் கையால் மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
வே. ஆதிமூலம்
(டைம் கீப்பர், ஓய்வு)

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை 5.35, பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதுகிறேன். மேலே இருக்கிற யோசனை செல்லாது. ஸ்டிக்கர் கடை இருக்கிற வீட்டில் ஒரு கவர் ஒட்டப் பசை கிடைக்கவில்லை, உண்ணாமுலையிடம் கேட்டேன், யாருக்குக் கடிதம் என்றாள், நான் திருதிருவென்று விழித்ததிலேயே வாங்கிப் படித்துவிட்டாள். இரண்டு தடவை படித்தாள். என்னை ஒன்றும் திட்டவில்லை, "உன்ன அப்புறம் பாத்துக்கிறேன்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, "எம்மா பெரிய வார்த்த சொல்லிட்டேன், அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே" என்று அழுதாள். அப்பாதுரைக்கு அவளே போன் போட்டு மெஷின் விற்கிறதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். கடைச் சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டாள், என்னை நம்பி விட முடியாதாம். கடிதத்தை ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றதற்கு, "கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்புற விஷயமாப்பா இது?" என்று பிடுங்கிப் பைக்குள் வைத்தாள், இந்த நாலு வரி எழுதத்தான் திரும்ப வாங்கியிருக்கிறேன். அவள் ஏறப் போவது 5.50 வண்டி, பத்தே முக்காலுக்கு ஓசூர் போய்விடும். ஷிப்ட் முடிந்து நீங்கள் இரண்டரைக்குத்தான் வெளியே வருவீர்கள் என்றேன், கம்பெனி கேட்டிலேயே நிற்கிறேன் என்கிறாள். ஆகையால் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. படித்தது போதும், நிமிர்ந்து அவளைப் பாருங்கள் மாப்பிள்ளை. நேற்று ராத்திரியிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் வந்து நிற்கிறாள்.