மாப்பிள்ளையின் மரியாதை

வாசல்மணியை அழுத்திய விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக நின்றான். மாமனாரை இறுகக் கட்டிக்கொண்டு, அன்பு சொட்டச் சொட்டச் சொன்னான்:

"என் வாசப்படியை மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்!"

ரிட்டயர்டு கண்டக்டரான மாமனாருக்கு மூக்கு சிவந்தது. அவர் விசில் அடித்தால் பக்கத்து ரூட் பஸ்ஸும் நின்றுவிடும், அப்பேர்ப்பட்ட மனிதர். தம் பேச்சை மீறி இவனைக் கட்டிக்கொண்ட மகளை மன்னிப்பதா, கையோடு அழைத்துப் போவதா என்று பார்க்கத்தான் மனைவியோடு கடல் தாண்டி வந்திருந்தார்.

"என்னடி சொல்றான் உன் புருஷன்?"

மகள் வெளிறிப்போனாள். "தமிழ் புதுசுப்பா. மரியாதை இன்னும் சரியா வரல. நான் சொல்லிக் குடுக்கறேன்."

புருஷனைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குசுகுசுவென்று பாடம் எடுத்தாள். கண்டக்டரின் மனைவி சோபாவில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரிக்கத் தொடங்கினாள்.

பாடம் சாப்பாட்டு மேஜையில் பலித்தது. மாமனார் தட்டில் ரொட்டியை வைத்த மாப்பிள்ளை, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

"நீங்க நாசமாப் போங்க, மாமா."

ரொட்டி கண்டக்டரின் தொண்டையில் நின்றது. சர்வீஸ் முழுக்க அவரைத் திட்டாத பயணி கிடையாது. ஆனால் இப்படி 'ங்க' போட்டு ஒருத்தனும் திட்டியதில்லை.

"மரியாதையா வேற திட்டறான்டி! கொழுப்பைப் பாத்தியா?"

"ஐயோ அப்பா, அவர் வாழ்த்தறார்!"

"இதுவா வாழ்த்து? எவன்டா உனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது? அந்த வீணாப்போனவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சிடறேன்!"

மாப்பிள்ளை முகம் மலர்ந்து, தோலை உரிப்பதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மாமா கோபமாக இருக்கிறார் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. குளிர வைப்பதற்காக மாடிவீட்டுப் பல் டாக்டரை அழைத்து வந்து, பெருமையோடு அறிமுகம் செய்தான்.

"இவர் என் மாமா. எங்களைப் பிடிச்ச சனியனுங்க!"

தமிழ் தெரியாத டாக்டர் கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சனியனுங்க! சனியனுங்க!"

அவ்வளவுதான். கண்டக்டர் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"கிளம்புடி! இவன் வேணுமா, நான் வேணுமா, இப்பவே சொல்லு. வரலேன்னா எனக்குப் பொண்ணே கிடையாது!"

மகள் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை ஓடிவந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. தெரிந்த தமிழையெல்லாம் துழாவி, கடைசியாக ஒன்றைப் பிடித்தான். குரல் உடைய, மூக்கை உறிஞ்சியபடி சொன்னான்:

"நீ இல்லாம எனக்குச் சோறு இறங்கலடி, கண்ணு."

கண்டக்டரின் கையிலிருந்து பெட்டி நழுவியது. அந்த உறிஞ்சலைக்கூட எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"இதை... இதை இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் மனைவி ஆரஞ்சுச் சுளையிலிருந்து விதையை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணத்தன்னிலேருந்து அவளுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்பினீங்களே, அதெல்லாம் அப்பாவோட ஆசீர்வாதம்னு இவ சொல்லி வெச்சுட்டா, பாவம், அந்தப் பிள்ளை ஒண்ணு விடாம மனப்பாடம் பண்ணியிருக்கு."