அம்மா கைக்கு மட்டும் விழுகிற பந்து

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். பொய்யோடு ஒரு கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்று அழித்துவிட்டேன். நானும் அப்பாவும் நலம். அம்மாவுக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறது, அவ்வளவுதான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கூடைப்பந்துப் பயிற்சி நேரத்தில் நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள் என்பதால் அம்மாவின் மடிக்கணினியிலிருந்து, அவளுக்குத் தெரியாமல், மின்னஞ்சலாக இதை எழுதுகிறேன். படித்ததும் அவளைக் கூப்பிட்டு "என்னக்கா இது?" என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் மனம் நோகும் என்று உங்களிடம் சொல்லவே கூடாது என்றிருக்கிறாள்.

அம்மாவின் ஆபீஸில் செய்யும் கூடைப்பந்து வீடியோ கேம் பொத்தானை அழுத்தி ஆடுவது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ரிமோட் அளவுக் கருவி ஒன்றைக் கையில் பிடித்து, நிஜமாகவே பந்து எறிவதுபோல் வீச வேண்டும்; அதைப் புரிந்துகொண்டு டிவியில் இருக்கும் ஆட்டக்காரன் எறிவான். எந்த அசைவு எறிதல், எது தட்டுதல், எது வெறுமனே கொசு அடிப்பது என்று கருவிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. போன விடுமுறையில் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு, மாலை முழுவதும் இல்லாத பந்தை எறிந்தீர்களே, அம்மாவும் வீடியோவாகப் பதிவு செய்தாளே, நினைவிருக்கிறதா? ஆபீஸில் பதிவு செய்த மற்றவர்களுடைய வீச்சு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி தொடங்கியதாம். உங்களுடையது மட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி தொடங்கியதாம். ஆகவே எறிதல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை உங்களிடமிருந்தே கருவி கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மா முடிவு செய்து, "என் தம்பி கை கடிகாரம் மாதிரி" என்று ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் தலைவர் வந்து ஆடிப் பார்க்கப் போகிறார். பந்து வளையத்தில் விழுந்தால் ஆட்டம் வெளிவரும். விழாவிட்டால் பொத்தானே போதும் என்று அம்மாவின் குழுவைக் கலைத்துவிட்டு, பிறர் செய்த ஆட்டங்களில் பிழை தேடும் பகுதிக்கு அவளை அனுப்பிவிடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அம்மா எறிந்தால் ஒவ்வொரு முறையும் விழுகிறது; வேறு யார் எறிந்தாலும் அந்த ஆட்டக்காரன் பந்தைக் கட்டிக்கொண்டு, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவன் மாதிரி நிற்கிறான். ஆபீஸில் அம்மா சோடாபுட்டி என்று (அவர் இல்லாதபோது) சொல்லும் அண்ணன் எறிந்து எறிந்து தோள்பட்டை பிசகி, இப்போது ஐஸ் பையோடு வேலைக்கு வருகிறார். தன் கைக்கு மட்டும் வேலை செய்யும்படி அம்மா உள்ளே ஏதோ செய்துவைத்திருக்கிறாள் என்று அவரே பேச ஆரம்பித்துவிட்டாராம். வீட்டில் நான் எறிந்தேன். பந்து போகவில்லை, கருவி போனது, கூடத்து விளக்கு உடைந்தது. அப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே எறிந்ததில் சுவரில் குழம்பு தெறித்தது. மேலே என்ன குதியாட்டம் என்று சண்டை போட வந்த கீழ்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு கை பார்க்கிறேன் என்று கருவியை வாங்கினார். ஒன்றாவது விழாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நின்றுவிட்டார். அப்பா சாப்பாடு போட்டுத்தான் அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, "என் கைக்கு வருது, ஊர்க் கைக்கு வரலையே" என்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "பந்தைக் கண்டாலே புத்தகத்துக்குப் பின்னாடி ஒளியிற நீயும் ஒரு நாள் போடணும்னுதான்டி இதை ஆரம்பிச்சேன்" என்றாள்.

இனிமேல் எழுதப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்று அம்மா இடது கையில் டீ டம்ளரோடு, வலது கையால் சோர்வாக ஒரு பந்து எறிந்தாள். போகவில்லை. முதல் தடவையாக அம்மாவின் பந்தே போகவில்லை. கருவியும் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். டம்ளரை வைத்துவிட்டு மறுபடி எறிந்தாள், விழுந்தது. அம்மா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை காலியாக இருந்தால் எறிவதற்கு முன் அவள், கருவி பிடித்த கையையும் சேர்த்து இரண்டு கையாலும் டிராக் பேன்டை இடுப்பில் பிடித்து ஒரு இழுப்பு மேலே இழுத்துவிடுகிறாள். உடனே ஓடிப்போய் உங்கள் பதிவைப் போட்டுப் பார்த்தேன். மாமா, நீங்கள் ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் டவுசரை மேலே இழுத்துவிடுகிறீர்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த இழுப்பைத்தான் எறிதலின் ஆரம்பம் என்று கருவி பாடம் படித்துவைத்திருக்கிறது. உங்களோடு சேர்ந்து விளையாடிப் பழகிய அம்மாவுக்கும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, உங்கள் மூக்கு மாதிரி அதுவும் உங்களோடு பிறந்தது என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

நான் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனா? அவன் அப்படியெல்லாம் பண்ணவே மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, பேன்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து உங்கள் பதிவைப் பார்த்தோம். அம்மா அதை மறுபடி மறுபடி ஓடவிட்டாள். கடைசியில், "இவன்கிட்ட இதை எப்படிச் சொல்றது? தன் கையைப் பார்த்துத்தான் கேம் பண்றாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே நானே கேட்கிறேன். நாளை காலையிலேயே இடுப்பில் இறுக்கமாக ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு, பயிற்சிக்காக நீங்கள் வாங்கிப்போன கருவியைப் பிடித்து, டவுசரைத் தொடாமல் எறிந்து, அந்தப் பதிவை அனுப்பிவையுங்கள். கை தானாகப் போனால் அத்தையைப் பக்கத்தில் நிறுத்தி அதட்டச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் வந்துவிட்டால் அம்மா கருவிக்கு மறுபாடம் நடத்திவிடுவாள். தாமதித்தால் எல்லாம் முடிந்துவிடும்.

அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு என் முத்தம். உங்கள் முழங்காலும் அம்மாவின் வெள்ளிக்கிழமையும் நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மாறாத மரியாதை கொண்ட அக்கா மகள்

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் அம்மா பாய்ந்து வந்து மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டாள். தலைவர் வெள்ளிக்கிழமை ஊரில் இருக்க மாட்டாராம், இன்றே வந்துவிட்டாராம். ஆடிக் காட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முதலில், பொத்தானை அழுத்தி ஆடும் ஆட்டங்களைச் செய்யும் பகுதியின் மேலாளர் எறிந்தார். ஆட்டக்காரன் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். அவர் திரும்பத் திரும்ப எறிந்தார். அம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது. பிறகு தலைவர் எழுந்தார். அண்மையில்தான் இளைத்திருப்பார் போலும், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எறிந்தார். விழுந்தது. மறுபடி இழுத்தார், எறிந்தார், விழுந்தது. "எனக்கு வருதே, உங்களுக்கு ஏன் வரல?" என்று மேலாளரைக் கேட்டார். "எறியறதுக்கு முன்னாடி தயாராகணும் சார்" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் பாவாடையை இடுப்பில் பிடித்து இழுத்துவிட்டு எறிந்தேன். மாமா, விழுந்தது. என் வாழ்க்கையின் முதல் பந்து. அம்மா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. தலைவர், "ஓ, தயார் நிலையா? நல்லா யோசிச்சிருக்கீங்க. யாரோட ஸ்டைல் இது?" என்றார். "என் தம்பியோடது சார்" என்றாள் அம்மா, தலை நிமிர்ந்து. ஆட்டம் வெளிவருகிறது; அதோடு தரும் வழிகாட்டியின் முதல் படமே, பேன்டை இழுத்துவிடும் அந்தத் தயார் நிலைதானாம். பந்து தட்டுவதைப் பதிவு செய்ய அடுத்த மாதம் நீங்கள் நேரில் வர வேண்டுமாம்.

மேலே எழுதியதையெல்லாம் அழித்துவிடலாம் என்று பார்த்தேன். முழங்கால் விசாரிப்பு நன்றாக அமைந்துவிட்டதால் விட்டுவைத்திருக்கிறேன். அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிடுங்கள். பாதி படித்ததுமே பெல்ட் வாங்கக் கிளம்பியிருந்தால், தயவுசெய்து திரும்பி வந்துவிடுங்கள்.