காணாமல் போகும் மருந்து

"மருந்து எங்க, பிரேமிளா?"

ஆய்வுகூடப் பொறுப்பாளர் துஷாந்த் சேர் கேட்டதும் பிரேமிளா இயந்திரத்தை மறுபடி தட்டிப் பார்த்தாள். கடுகண்ணாவை என்ற ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று அனுப்பிய துருத்தடுப்பு எண்ணெய்க்கு ஆய்வுகூடத்தில் 'மருந்து' என்றே பெயர். அது ஓடையில் கலந்தால் மீன் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். நேற்று மாலை மீன்தொட்டியில் அதைக் கலந்தவள் அவள்தான். இன்று காலை, தண்ணீரில் மருந்து எவ்வளவு என்று அளக்கும் இயந்திரம் பூச்சியம் காட்டுகிறது. மீன்களோ கல்யாண வீட்டுப் பிள்ளைகள் போலத் துள்ளுகின்றன.

"தண்ணியில லேசுல கரையாத சாமான் சேர். மிதந்து ஆவியாப் போயிருக்கும்."

"அப்ப மூடும். இந்தச் சோதனை சரிவந்தாத்தான் உம்மட வேலை நிரந்தரம். தெரியும்தானே?"

மறுபடி கை கடுக்கக் கலக்கி, இறுக்கி மூடிவிட்டுப் போனாள். காலையில் பூச்சியம்.

"கண்ணாடியில ஒட்டியிருக்கும் சேர்."

புதுத்தொட்டி வந்தது. அதிலும் பூச்சியம்.

"வெளிச்சம் பட்டுச் சிதைஞ்சிருக்கும்."

கறுப்புத்துணி போர்த்தினாள். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்த சேர் தொட்டியைச் சரித்துவிட, அவருடைய சப்பாத்துக்குள் ஒரு மீன் குடிபுகுந்தது. துள்ளிய மற்றவற்றை இருவரும் மேசைக்கடியில் தவழ்ந்து பிடித்தார்கள். திரும்பக் கலந்தும் விடிந்தால் அதே பூச்சியம்.

"மீன் குடிச்சிட்டுதோ?"

"குடிச்சிருந்தா இப்பிடி ஆடாது சேர்."

"அப்ப நாங்கள்தான் ஆடப்போறம். வேண்டாம், சோதனையைக் கொழும்புக்கே அனுப்புவம்."

பிரேமிளா அலுமாரியைத் திறந்து கைப்பையை எடுத்தாள். கண் கலங்கிவிட்டது. ஆய்வுகூடம் கூட்டும் வடிவம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"என்ன மிஸ், ஏன் அழுவுறீங்க?"

"போட்ட மருந்து விடியிறதுக்குள்ள காணாமப் போயிருதுக்கா. எனக்குக் கலக்கவே தெரியல."

"யாரு சொன்னது? மருந்து பட்ட பாத்திரத்தக் கழுவாம வச்சா நான் முந்தி வேலை செஞ்ச மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துல கங்காணி தோலை உரிச்சிருவாரு. அதான் நீங்க வாறதுக்கு முந்தியே தெனமும் தொட்டியக் கழுவி, நல்ல தண்ணி ஊத்தி மீனை விட்டுர்றேன் – அடேயப்பா, மூணு தண்ணி ஊத்தித் தேச்சாலும் நீங்க கலக்கினது லேசுல போவுதா மிஸ்!"