வலப்பக்கம் நின்று கேட்ட சம்மதம்

பக்கம் பார்த்துப் பேசுகிறவர்கள் என்றொரு ரகம் உண்டு. பார்த்திருப்பீர்கள். நல்ல சேதி என்றால் உங்கள் வலப்பக்கம் வந்து நின்றுதான் வாயைத் திறப்பார்கள். கெட்ட சேதிக்கு இடப்பக்கம்.

ஒரகடத்தில் கார் கம்பெனியில் சீட் பூட்டும் கோமதிநாயகம் இந்த ரகத்தில் அசல். 2011இல் வடை மடித்துவந்த தாளில் பாதிக் கட்டுரை படித்தான்: வலதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கு நல்ல வார்த்தை வலப்பக்கத்தோடும் கெட்ட வார்த்தை இடப்பக்கத்தோடும் மனசில் ஒட்டிக்கொள்ளுமாம், இடதுகைக்காரர்களுக்கு நேர்மாறாம். மீதிக் கட்டுரை யாருடைய வடையோடு போயிற்றோ! ஒரு மனிதன் கெட்டுப்போகப் பாதி போதாதா? அன்றுமுதல் ஓ.டி. வேலை உண்டு என்பதை வலப்பக்கம் போய்ச் சொன்னான், இல்லை என்பதை இடப்பக்கம் போய்ச் சொன்னான், அறைத்தோழன் மாசானத்திடம் "குழம்பு தீஞ்சிட்டுலே" என்று சொல்லக் கட்டிலையே சுற்றிவந்தான்.

இவனுக்குச் சந்தனமாரி மேல் உயிர். பக்கத்து மேசையில் ஸ்க்ரூ முடுக்குகிறவள். அவள் எந்தக் கைக்காரி? லைனில் ஸ்க்ரூ கன் வலப்பக்கம் தொங்குகிறது. அங்கே இடதுகைக்காரர்களும் வலதுகையால்தான் முடுக்கியாக வேண்டும். இதை யோசிக்காமல், பென்னலூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுடைய வலத்தோள் பக்கம் போய் நின்று கேட்டேவிட்டான்.

"என்னைக் கட்டிக்கிடுதீயளா?"

"அப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வந்தது வினை. அவளுக்கு வலப்பக்கம் நின்றால், அவள் பதில் இவன் இடக்காதில்தானே விழும்? வலதுகைக்காரனுக்கு இடக்காதில் விழுந்தது நல்லதாக இருக்குமா? போதாக்குறைக்கு அன்று ஓ.டி. நோட்டில் அவள் இடதுகையால் கையெழுத்துப் போட்டாள். தொலைந்தது! கேட்டதும் தப்பான பக்கம், கிடைத்ததும் தப்பான பக்கம். கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாற்றிக்கொண்டு பத்து நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தான்.

பதினோராம் நாள் கேன்டீன் வாசலில் வழிமறித்தாள்.

"அப்பா சரின்னுட்டாவ. உங்களத்தான் காணோம். பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

நேருக்கு நேர் நின்றாள். கட்டுரையின் அந்தப் பாதியில் நேரே நிற்பவர்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. இவன் அசடு வழிய ஆராய்ச்சி முழுவதையும் ஒப்பித்தான்.

"நான் சொன்னதக் கேட்டீயளா, இல்ல காத மட்டும் பாத்தீயளா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

தை மாதம் கல்யாணம். இப்போதெல்லாம் இரண்டு காதிலும் சரிசமமாக ஏச்சு வாங்குகிறான்.

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தத் தாளைப் பிடித்திருப்பது எந்தக் கை என்று நடுவில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டீர்களே, நான் கவனிக்கவில்லையா? வெட்கப்படாதீர்கள், வாருங்கள். நம் ரகத்தில் இன்னும் நிறைய இடமிருக்கிறது.