மாப்பிள்ளை வீட்டு வாசலில் மாட்டிக்கொண்ட பூட்ஸ்

ஊரார் உடம்புக்கெல்லாம் அளவு பார்ப்பவனுக்குத் தன் காலின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நானே சாட்சி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். டீ-ஷர்ட்டின் கைநீளம் ஒரு சென்டிமீட்டர் கூடிப்போனால் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டு, தைத்தவரைக் கூப்பிட்டுப் பிரசங்கமும் செய்வேன். அப்படிப்பட்டவன் ஒரு ஜோடி பூட்ஸை அளவு பார்க்காமல் வாங்கி, அதனால் என் தங்கை கோகிலாவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன். (கல்யாணம் நடந்துவிட்டது. பயப்படாமல் மேலே படிக்கலாம்.)

நாலு வருடத்துக்கு முன் எனக்கு பைக் பித்து உச்சத்தில் இருந்தது. கூட வேலை பார்க்கும் அருள்ராஜும் நானும் இமாச்சலத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கு வரை பைக்கிலேயே போய்வருவதாகத் திட்டம். அருள்ராஜுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஏற்கெனவே இரண்டு முறை அந்த மலைப்பாதைகளில் ஓட்டியவன்.

"லே, ஜாக்கெட்டு, கிளவுசு எல்லாம் எப்படி வேணாலும் வாங்கிக்கோ. பூட்ஸ மட்டும் கடைக்குப் போயி வாங்கு. சாயங்காலமாப் போ, அப்பதான் கால் நல்லா வீங்கியிருக்கும். தடி சாக்ஸ மாட்டிக்கிட்டு அரைமணி நேரம் நடந்து பாரு. குத்தவச்சுப் பாரு. பைக்குல உக்காந்து கியர் போட்டுப் பாரு. எங்கயும் கடிக்கலன்னா வாங்கு" என்றான்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன். (தெரியாது.)

நான் கடைக்குப் போகவில்லை. வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் மண்மேட்டிலிருந்து பைக்கோடு ஆகாயத்தில் பறந்து இறங்கினார். முழங்கால் வரை வெள்ளையும் சிவப்புமாகப் பூட்ஸ், பக்கவாட்டில் நாலு கொக்கி, முன்னால் கெட்டியான பிளாஸ்டிக் கவசம். பார்த்ததும் மனசைப் பறிகொடுத்தேன். அது பந்தயக்காரர்களுக்கானது, பத்து நிமிடம் பறந்துவிட்டுக் கழற்றிவிடுகிறவர்களுக்கானது, நாள் முழுக்க ஓட்டி, இறங்கி, நடந்து, டீ குடிக்கிறவர்களுக்கானது அல்ல என்பதை அந்த வீடியோவிலேயே சொல்லியிருந்தார்களாம். நான் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஆபீஸ் நேரம்.

ஆபீஸ் ஷூவின் நம்பரையே போட்டு ஆர்டர் செய்தேன். வந்தது. காலை நேரத்தில், மெல்லிசு சாக்ஸோடு, கட்டிலில் உட்கார்ந்து நுழைத்தேன். கொஞ்சம் மூச்சுப் பிடித்துத்தான் நுழைந்தது. "போடப் போட லூஸாயிரும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பருத்தித் துணி எவ்வளவு சுருங்கும், எவ்வளவு இழுபடும் என்று தினமும் ரிப்போர்ட் எழுதுகிறவன் நான். பிளாஸ்டிக் இழுபடாது என்பது மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கோகிலாவுக்குக் கணியூரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பெயர் கார்த்திகேயன், கால்நடை டாக்டர். இரண்டு பேரும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. முந்தைய மாதம் வந்த ஒரு வரனிடம், "மாப்பிள்ளை ஏன் இவ்வளவு மெலிசா இருக்காருங்க?" என்று நான் வெள்ளந்தியாகக் கேட்டு அது கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை எல்லோரும் என்னைப் பார்த்தே பயந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது, பிடித்திருந்தால் அங்கேயே வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அப்பா இல்லாததால் தட்டு வாங்க வேண்டியவன் நான். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் முடித்தாக வேண்டும்.

கிளம்பும்போது கோகிலா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"அண்ணா, இந்த ஒரு நாள் மட்டும் ஒழுங்காப் போயிட்டு வாண்ணா."

"நான் பார்த்துக்கறேன் கண்ணு" என்றேன்.

அம்மா, மாமா, மற்ற உறவுக்காரர்கள் எல்லாம் வேனில் உடுமலை வழியாகப் போனார்கள். நான் மட்டும் பூட்ஸைப் பழக்குகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு, பல்லடம், குண்டடம், தாராபுரம் என்று சுற்றுவழியில் கிளம்பினேன். சுற்றினால்தானே பழகும்?

குண்டடம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து விவசாயிகள் மாதக்கணக்கில் வேண்டி நின்றாலும் வராத மழை, எனக்காக வந்தது. என் பூட்ஸ் தண்ணீர் புகாத வகை என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டு புகவில்லை. மேல்வாய் வழியாகத் தொடையிலிருந்து வழிந்து இறங்கியதுதான் அத்தனையும், இறங்கியது வெளியே போகவும் வழியில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் குலுங்கியது. கணுக்கால் மடங்காததால் காலோடு முழங்காலையும் சேர்த்துத் தூக்கித்தான் கியர் போட்டேன். தாராபுரத்தில் இறங்கி டீ குடித்தபோது கடைக்காரர், "காலுல மாவுக்கட்டுங்களா?" என்று பரிவோடு விசாரித்தார்.

கணியூர் போய்ச் சேரும்போது பதினொன்று பத்து. அங்கே மழையே இல்லை, நல்ல வெயில். வாசலில் பெரிய கோலம், ஓரத்தில் வரிசையாகச் செருப்புகள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றார்.

"வாங்க கண்ணு, வாங்க. நனைஞ்சுட்டீங்களே! காலைக் கழுவிட்டு உள்ள வாங்க."

குனிந்து கொக்கிகளை விடுவித்தேன். இழுத்தேன். கால் அசையவில்லை. திருகினேன். உள்ளேயிருந்து 'புளுக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. எழுபது எண்பது கிலோமீட்டரில் கால் நன்றாக வீங்கி, ஈரச் சாக்ஸோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது.

"பூட்ஸ் கழல மாட்டேங்குதுங்க" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். பெண்ணின் அண்ணன், முப்பத்திரண்டு வயது ஆள், முதல்முதலாகச் சம்பந்தி வீட்டுக்கு வந்து, போட்டதைக் கழற்றத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"நான் இப்படியே வெளியில உக்காந்துக்கறேனுங்க. காத்து நல்லா வருதுங்க" என்றேன்.

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் சேரைக் கார் ஷெட்டில் போட்டுவிட்டு உள்ளே போனார். காபி வெளியே வந்தது. பலகாரத் தட்டு வெளியே வந்தது. "உள்ள வாங்க" என்று ஒவ்வொருவராக வந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் காற்றைப் புகழ்ந்தேன். கடைசியில் உள்ளே மாப்பிள்ளையின் அப்பா என் அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது.

"ஏனுங்க, தம்பி வாசப்படி மிதிக்கவே மாட்டேங்கறாப்ல. எங்க ஊட்டுல ஏதாச்சும் குறையுங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க. நாங்க தப்பா நெனைக்க மாட்டோமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதை இப்படித்தான். சம்பந்தம் முறிவதுகூட இவ்வளவு மென்மையாகத்தான் முறியும்.

அம்மா புயல்போல வெளியே வந்தார். "உள்ள வாடா."

"வர முடியலம்மா."

"ஏன்? இந்த மாப்பிள்ளை என்ன, குண்டா இருக்கறாரா?"

"பூட்ஸும்மா. கழல மாட்டேங்குது."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பூட்ஸைப் பிடித்து இழுத்தார். நான் சேரோடு நகர்ந்து வந்தேன். மாமா ஓடிவந்து சேரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அம்மா மறுபடி இழுத்ததில் சேரின் கால் உடைந்து, மாமா கோலத்தின் மேல் உட்கார்ந்தார். கோலமாவில் எழுந்தவர், "வண்டியில கத்திரி இருக்குது, அறுத்துப்போடலாம்" என்றார். துணி வெட்டுகிற கத்திரி. பிளாஸ்டிக் கவசத்தில் அது பல்லே பதிக்கவில்லை.

மணி பதினொன்று முப்பத்தைந்து. போன் அடித்தது. கோகிலா.

"அண்ணா, அவங்க ஊட்டுக்குள்ளயே நீ போகலியாமா? 'உங்க அண்ணனுக்கு என்னைப் புடிக்கலியா'ன்னு அவரு மெசேஜ் அனுப்பறாரு. என்னண்ணா பண்ணி வெச்சிருக்கற?" குரல் உடைந்தது. அதுவரை எனக்கு வெட்கம் மட்டும்தான் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அந்த வெட்கமும் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன்.

"பூட்ஸா?"

"ஆமாம் கண்ணு."

போனை வைத்துவிட்டாள். அவளிடமிருந்து மெசேஜ் போயிருக்க வேண்டும், அடுத்த நிமிடமே பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி மாப்பிள்ளை கார்த்திகேயன் வெளியே வந்தார். சிரிக்கவில்லை. என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பூட்ஸின் மேல்வாயில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"எத்தனை மணி நேரமாச்சுங்க?"

"காலையில ஏழு மணிக்குப் போட்டதுங்க."

"நேத்துச் சாயங்காலம் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்தேனுங்க. கன்னு இடுப்புல மாட்டிக்கிச்சு. இதுவும் அதே கேஸுதானுங்க, குதிகால் மாட்டியிருக்குது. நேரா இழுத்தா வராது. திருப்பிக் கீழ்வாக்குல இழுக்கோணும்." வீட்டுக்குள் திரும்பி, "அம்மா, எம்பட பையில பாரபின் எண்ணெய் இருக்குது, எடுத்துட்டு வாங்க. கயிறும்" என்றார்.

எண்ணெயைப் பூட்ஸுக்குள் தாராளமாக ஊற்றினார். கையை முழங்கை வரை விட்டு (பட்டுச் சட்டை!) குதிகாலைச் சுற்றித் தடவினார். கயிற்றை அடிப்பகுதியில் சுருக்குப் போட்டு ஒரு முனையை மாமாவிடமும் ஒரு முனையைத் தன் அப்பாவிடமும் கொடுத்தார். என்னைக் கார் ஷெட் தூணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"நான் சொல்றப்ப மட்டும் இழுங்க. நீங்க மூச்சை நல்லா இழுத்து விடுங்க. பயப்படாதீங்க. ம்... இப்ப!"

பெரிய சத்தத்தோடு பூட்ஸ் விடுபட்டது. இரண்டு சம்பந்திகளும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். உள்ளேயிருந்த குண்டடத்து மழை அத்தனையும் மாப்பிள்ளையின் வேட்டியில் கொட்டியது. அவர் என் காலை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "மச்சான், வந்திருச்சுங்க!" என்று கத்தினார்.

மச்சான். தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே, ஊர் கேட்க. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழவும் சிரிக்கவும் ஆரம்பித்தார். எனக்குக் காலில் ரத்தம் திரும்ப ஓடிய சுகம் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தையின் சுகம் ஒரு பக்கம். அப்படி ஒரு நிம்மதியை அதற்கப்புறம் நான் அனுபவித்ததில்லை.

"இரட்டைக் கன்னுங்க, இன்னொண்ணு பாக்கி இருக்குது" என்று அடுத்த காலுக்குப் போனார் மாப்பிள்ளை. அது சுகப்பிரசவம்.

சொம்புத் தண்ணீரை அவரே என் காலில் ஊற்றினார். முழங்கால் வரை கருநீலம். சாக்ஸின் சாயம். சாயம் நிற்கவில்லை என்று நானே ரிஜெக்ட் செய்த லாட்டிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்த சாக்ஸ் அது. என் தீர்ப்பு சரிதான் என்று அன்று நிரூபணமானது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. நேரமும் இல்லை. வெள்ளை டைல்ஸில் நீலநீலமாகக் காலடி பதித்துக்கொண்டு ஓடினேன். "கிருஷ்ண ஜெயந்தியாட்டம் இருக்குது, வரட்டும், நல்லதுதான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது தட்டை வாங்கினேன். மாப்பிள்ளையின் அப்பா, இடுப்பைத் தடவிக்கொண்டே, "அப்ப, ஊட்டுல குறை ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. கோகிலா வீடியோ காலில் அந்த நீலக் கால்களைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பேசவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

கல்யாணத்தன்று முறைப்படி நான் மாப்பிள்ளையின் காலைக் கழுவ உட்கார்ந்தபோது, "சித்த நேரம் பொறுங்க, எனக்குச் செருப்புத்தான், சுலபமாக் கழண்டுரும்" என்றார் அவர். புரோகிதர் உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அந்தப் பூட்ஸை அருள்ராஜ் சொன்ன ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டேன். நிஜமாகவே மண்மேட்டில் பந்தயம் ஓட்டுகிறவர், என்னைவிடக் கால் சிறியவர். புதுப் பூட்ஸ் வாங்கக் கோயம்புத்தூருக்கு மச்சானும் கூட வந்தார். சாயங்காலம், தடி சாக்ஸ், அரைமணி நேர நடை. குத்தவைத்தேன். கடைக்காரரின் பைக்கில் உட்கார்ந்து கியர் போட்டேன். மச்சான் குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, "ஒரு விரல் இடம் இருக்குதுங்க" என்றார். அழகான வெள்ளைச் சிவப்பெல்லாம் இல்லை, மண் நிறம். கணுக்கால் மடங்கியது, மேல்வாய் அகலமாகத் திறந்தது. வாங்குவதற்கு முன் பத்து முறை கழற்றிக் காட்டச் சொன்னார். ஸ்பிதிக்குப் போய் வந்த பதினெட்டு நாளில் எனக்குக் கால் இருக்கும் நினைவே வரவில்லை. நல்ல பூட்ஸுக்கு அதைவிட வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

போன வருடம் கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் வேர்த்து விறுவிறுத்து நடந்துகொண்டிருந்தார். மாட்டுக்கெல்லாம் தைரியமாகப் பிரசவம் பார்க்கிறவர், அன்று தண்ணீர் பாட்டிலின் மூடியை எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா கதவைத் திறந்து, "பொண்ணுங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, எழுதும் அட்டையைப் பார்த்து, "இது மொதல் பிரசவம்தானுங்களே?" என்று கேட்டார்.

மச்சான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"எம்பட பொண்ணுக்கு மொதல் பிரசவமுங்க. மாப்பிள்ளைக்கு எங்க ஊட்டுல இது மூணாவது."