கருங்கல் சொன்னது

"ஒரு திருகாணிகூட அந்த அறையை விட்டு வெளியே போகாது."

சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே வாஷிங் மெஷின் மெக்கானிக் இந்தச் சபதத்தைச் செய்தார். பிரஷ்ஷை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்து, கூடத்தின் நடுவில் நின்று, நுரை தெறிக்கத் தெறிக்கச் செய்தார். எதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"துணி மேல நுரை படுதுங்க," என்றாள்.

"பேச்சை மாத்தாதே. பின் அறை என்னோடது. இன்னைக்கும் என்னோடது, நாளைக்கும் என்னோடது."

"சாயங்காலம் ரெண்டாவது தையல் மெஷின் வந்து இறங்குது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. அதை எங்க போடறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"என் தலை மேல போடு. என் அறையில போடாதே."

அந்த வீட்டில் ஜன்னலும் வெளிச்சமும் உள்ள ஒரே அறை பின் அறைதான். அதில் குடியிருந்தவை செத்துப்போன மோட்டார்கள், அறுந்த பெல்ட்டுகள், மூடி இல்லாத மெஷின்கள், மெஷின் இல்லாத மூடிகள். மனைவியோ சாப்பாட்டு மேஜைக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில், பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் கையை விரித்தால் பாதிக் கை வாசலுக்கு வெளியே போய்விடும். சாப்பாட்டில் நூல் கிடப்பது பழகிப் போய், நூல் இல்லாத நாளில்தான் மெக்கானிக்குக்குச் சந்தேகம் வரும்.

ஆனாலும் கொடுக்க முடியாது. கொடுத்தால் கருங்கல்லின் மானம் என்னாவது?

கருங்கல் என்பது வீட்டுச் சாமான் பழுது பார்ப்பவர்களின் இணைய மன்றத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் அவர் பேச்சை மெஷின் தவிர வேறு யாரும் கேட்பதில்லை, அதுவும் கழற்றிப் போட்ட பிறகுதான். மன்றத்திலோ அவர்தான் மட்டுறுத்துநர். அங்கே யாராவது ஒழுங்கு தப்பினால் தட்டிக் கேட்பவர், மீறினால் வெளியே தள்ளுபவர். மேற்கோள் விஷயத்தில் அவர் நெருப்பு. யாருக்குப் பதில் எழுதுகிறோமோ அவர் சொன்ன வரியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று அவரே சட்டம் போட்டு, அதை மன்றத்தின் நெற்றியில் ஒட்டி வைத்திருந்தார். நீளமான பதிவு முழுவதையும் எடுத்துப் போட்டு அடியில் 'சூப்பர்' என்று எழுதியவர்களை வறுத்தெடுத்திருக்கிறார். தன்னைத் திட்டிய பதிலை அழித்த இன்னொரு மட்டுறுத்துநரை, "விமர்சனத்தை அழிப்பவன் கோழை" என்று சொல்லிப் பதவியை விட்டே துரத்தியிருக்கிறார்.

வாய் கொப்பளித்த கையோடு மன்றத்தில் 'என் அறை, என் கோட்டை' என்று ஒரு புது விவாதத் திரி தொடங்கினார். மனைவி அறையைக் கேட்பதையும், தான் மலை போல நிற்பதையும் விவரித்தார். "யார் வந்து சொன்னாலும் அசைய மாட்டேன்" என்று முடித்தார். லைக்குகள் குவிந்தன. மெக்கானிக்கின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது.

மனைவி டீயும் போனுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்த மன்றத்துல எல்லாம் ஒருத்தர் சொன்னதை எடுத்துப் போட்டுப் பதில் எழுதறாங்களே, அது எப்படி?"

"எதுக்கு உனக்கு?"

"நானும் ஒண்ணுல சேர்ந்திருக்கேன். தப்பா எழுதிட்டா பெரியவங்க திட்டுவாங்களாம். உங்களை விட்டா எனக்கு யாரு சொல்லித் தருவா?"

கடைசி வாக்கியம் மெக்கானிக்கைக் குப்புறத் தள்ளியது. தையல்காரிகள் மன்றம் எதிலாவது சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்.

"வேணுங்கற வரி மேல விரலை அழுத்திப் பிடி. கீழ 'மேற்கோள்'னு வருதா? அதைத் தொடு. பார்த்தியா, சொன்னவர் பேரு தானா வந்து உக்காந்துக்கும்."

"முழுசையும் போடணுமா?"

"கூடவே கூடாது. தேவையான வரி மட்டும். ஆனா வெட்டி ஒட்டி அர்த்தத்தை மாத்தினா, அது அயோக்கியத்தனம்."

"ஒரே ஆள் வேற வேற இடத்துல சொன்னதை ஒண்ணா சேர்த்துப் போட முடியுமா?"

"கேள்வின்னா இதுதான் கேள்வி. அந்தக் கூட்டல் குறியைத் தொட்டுக்கிட்டே போ. எல்லாம் சேர்ந்துக்கும். கடைசியில கீழ ஒரு வரியாவது சொந்தமா எழுதணும். வெறும் மேற்கோளைப் போட்டுட்டு ஓடக் கூடாது."

"எவ்வளவு தெளிவா சொல்றீங்க," என்றாள் மனைவி.

இவ்வளவு மரியாதை கல்யாணமான புதிதில்கூடக் கிடைத்ததில்லை. மெக்கானிக் விசிலடித்துக்கொண்டே அடுத்த தெருவில் ஒரு மெஷினைப் பார்க்கப் போனார்.

மதியம் அந்த வீட்டு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு போனைத் திறந்தார். 'என் அறை, என் கோட்டை' திரியில் ஒரு புது உறுப்பினர் பதில் போட்டிருந்தார். பெயர் 'வீட்டுக்காரி'.

கருங்கல் சொன்னது: "ஒரு வருஷம் கை படாத உதிரிப் பாகம் உதிரிப் பாகமே இல்லை, குப்பை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள்."

கருங்கல் சொன்னது: "வீட்டில் யாருக்கு வேலை நடக்கிறதோ அவருக்குத்தான் வெளிச்சமான அறை. துருப்பிடித்த இரும்புக்கு எதற்கு ஜன்னல்?"

கருங்கல் சொன்னது: "மனைவியை ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்க வைப்பவன் ஆம்பளையே இல்லை."

கருங்கல் சொன்னது: "நாளைக்குச் செய்கிறேன் என்பவன் செய்யவே மாட்டான். இன்றே, இப்போதே."

முதலாவது ஒரு மிக்ஸி மெக்கானிக்குக்குக் கொடுத்த அறிவுரை. இரண்டாவது, அப்பாவிடம் இடம் கேட்டுத் தவித்த ஒரு ஃபிரிட்ஜ்காரருக்கு. மூன்றாவது ஒரு புதுமாப்பிள்ளைக்கு, லைக் வாங்கும் வேகத்தில் வந்து விழுந்தது. நாலாவதை யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. அடியில் வீட்டுக்காரி சட்டப்படி ஒரு வரி சொந்தமாக எழுதியிருந்தாள்: "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

மெக்கானிக் விருட்டென்று எழுந்தார். மெஷின் அவர் தலையில் இடித்தது.

வலியைப் பொருட்படுத்தாமல் தன் பழைய பதிவுகளைத் தேடித் தேடி அழித்தார். பயனில்லை. மூலம் போனாலும் மேற்கோள் அவள் பதிலில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவள் பதிலையே அழித்துவிடலாம்தான். ஆனால் கோழை யார் என்று அவரே ஊரறிய எழுதி வைத்திருக்கிறாரே. அதற்குள் மிக்ஸிக்காரர் "சொன்னதைச் செய்து காட்டப் போகும் கருங்கல் அண்ணனுக்கு வாழ்த்துகள்" என்று எழுத, புதுமாப்பிள்ளை காலியான அறையின் படத்தைக் கேட்டிருந்தான்.

வீட்டுக்குள் புயலாக நுழைந்தார்.

"என்னடி இது, துரோகம்?"

"எதுங்க?"

"என்னை எதிர்த்து என் மன்றத்துலயே எழுதறியா?"

"நான் எங்கங்க எழுதினேன்? எல்லாம் நீங்க எழுதினது. ஒரு எழுத்து வெட்டலை, ஒட்டலை. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே செஞ்சேன்."

"அதெல்லாம் ஊருக்குச் சொன்னதுடி."

"நாமளும் ஊர்லதானே குடியிருக்கோம்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அதையும் எடுத்துப் போட்டுவிடுவாளே என்று முதல் முறையாகப் பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டு பின் அறைக்குப் போனார்.

மாலைக்குள் அறை காலியானது. செத்த மோட்டார்கள் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஊர்வலம் போயின. ஜன்னலைத் துடைத்ததும் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலை குனியவில்லை. படம் எடுத்து மன்றத்தில் போட்டார். "யார் சொல்லியும் அல்ல, இது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு" என்று தடித்த எழுத்தில் எழுதினார். பிறகு புது மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மனைவி முன்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நல்லா தெரிஞ்சுக்கோ. பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நான் இதைச் செய்யலை."

"தெரியும்ங்க. நீங்க யார் பேச்சையும் கேக்கற ஆளா?"

"அந்தப் பயம் இருக்கட்டும்."

"இருக்குங்க. அப்படியே, ராத்திரி பாத்திரம் கழுவறதைப் பத்தியும் மன்றத்துல யாருக்காவது நாலு வரி புத்தி சொல்லி வைங்களேன்."