டெல்லிக்கு இரண்டு டிக்கெட்

"பெருந்தேவி, நான் ரிடையர் ஆனதும் நாம ப்ளேன்லதான் டெல்லி போறோம்."

"உங்க இஷ்டம்."

மாமல்லபுரம் கடற்கரையில், தலைக்கு மேல் போன விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி கஸ்தூரிரங்கன் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது. அப்புறம் முப்பது வருடம் செங்கல்பட்டு கருவூல அலுவலகம் அவரை விழுங்கிக்கொண்டது. வீட்டிலும் ஃபைல்தான்.

ஓய்வு பெற்ற மறுநாளே, டெல்லியில் இருக்கும் மகள் விஷாகாவைப் பார்க்க இரண்டு டிக்கெட் எடுத்தார். பத்தாம் நாள் அந்த விமானக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது.

அவர் அசரவில்லை. அமைச்சகத்துக்கு மனு எழுதினார். டிக்கெட் பணத்துக்குப் பதிலாக வேறு கம்பெனியில் பயணம் தரலாம் என்று உத்தரவு வந்தது. இரண்டாவது கம்பெனிக்கு மாறினார். அதன் விமானங்கள் எரிபொருள் போடக் காசில்லாமல் நின்றன.

"எரிபொருள் வரியைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்," என்று அடுத்த மனு போட்டார். வரி குறைந்தது. தம் மனுவால்தான் என்று நம்பினார். அந்தத் தெம்பில் இரண்டாவதை வாங்கிய மூன்றாவது கம்பெனி, நாலே மாதத்தில் மூச்சுத் திணறியது.

"கவர்மெண்ட் கைவிடாது, பாரு."

பெருந்தேவி காபி டம்ளரை வைத்துவிட்டு, பெருமாள் கோயிலுக்குப் போய்வருவதாகச் சொன்னாள். டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே அவளுக்குப் பக்தி கூடியிருந்தது.

அரசாங்கம் கைவிடவில்லை. கம்பெனியின் கடனுக்கு ஜாமீன் நின்றது. புதன்கிழமை விமானம் கிளம்புவது நிச்சயம் என்று செய்தி வந்ததும், நன்றி சொல்ல மனைவியோடு மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் சன்னிதிக்குப் போனார். பாம்புப் படுக்கைகூட இல்லாமல் வெறும் தரையில் சயனித்திருக்கும் பெருமாள்.

பெருந்தேவி நீட்டிய துளசி மாலையைப் பட்டர் வாசுதேவன் வாங்கிக்கொண்டார்.

"வழக்கமான பிரார்த்தனைதானே மாமி? நம்ம பெருமாள் மாதிரியே ப்ளேனும் தரையைவிட்டு எழுந்திருக்கப்படாது?"

கஸ்தூரிரங்கன் மெல்லத் திரும்பினார். இத்தனை நாள் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

"பறக்கறதுக்குப் பயமா?"

"பயமெல்லாம் இல்லை." அவள் பெருமாளைப் பார்த்தே பேசினாள். "ப்ளேன்காரன் மூணு மணி நேரத்துல இறக்கி விட்டுடுவான். ஏண்ணா, ரயில்ல கூட்டிண்டு போங்கோளேன். ரெண்டு ராத்திரி, ஒரு பகல். உங்களோட பேசிண்டே வரணும்."